கடைக்கு ஆள் தேவை

'கடைக்கு ஆள் தேவை' என்ற அட்டை தொங்காத கடைத்தெருவை இன்று காண்பது அரிது. மளிகைக் கடை, பாத்திரக் கடை, பருப்பு மண்டி என்று எங்கே போனாலும் இதே குறைதான். நம் சங்கக் கூட்டங்களில் வரிக்கும் உரிமத்துக்கும் அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது ஆள் பற்றாக்குறை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்று யாராவது சொல்வார், எல்லோரும் தலையாட்டுவோம், கூட்டம் கலைந்துவிடும். அந்தப் பேச்சு மனதுக்கு ஆறுதல் தரலாம். மறுநாள் காலை சரக்கு லாரி வந்து நிற்கும்போது மூட்டை இறக்க ஒரு கையைக்கூட அது தராது.

ஊரில் உழைக்கும் பிள்ளைகள் இல்லாமல் போய்விடவில்லை. வெயிலிலும் மழையிலும் இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள் யார்? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவுப் பணி பார்ப்பவர்கள் யார்? இருபது வருடங்களுக்கு முன்பு நம் கடைக்கு வந்திருக்கக் கூடிய அதே பிள்ளைகள்தான். அவர்கள் ஏன் நம்மிடம் வருவதில்லை, வந்தாலும் ஏன் ஆறு மாதம் தங்குவதில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பழைய ஏற்பாடு

அன்றைக்குக் கடைப் பையனுக்கும் முதலாளிக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஏற்பாடு இருந்தது. நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துப் பையன் சென்னைக்கு வருவான். கடையிலேயே படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. சம்பளம் குறைவு, அதிலும் பெரும்பகுதி முதலாளியிடமே இருக்கும். வருடம் ஒருமுறை கோயில் கொடைக்கு ஊருக்குப் போவான். பொட்டலம் மடிப்பதில் தொடங்கி, எடை, கொள்முதல், கல்லா என்று ஒவ்வொரு படியாக ஏறுவான். பத்து வருடம் கழித்து முதலாளியே முன்னின்று அவனுக்கு ஒரு கடை பிடித்துக் கொடுப்பார். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கும் சொல்லிவிடுவார். இன்று நம் சங்கங்களில் இருக்கும் மூத்த வணிகர் பலர் அப்படிக் கடை போட்டவர்கள்தான்.

அந்தப் பையன் பதினான்கு மணி நேரம் நின்றது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. நாளைக்குத் தானும் ஒரு முதலாளி என்ற நம்பிக்கை அவனை நிற்க வைத்தது. இன்று கடை வாடகையும் முன்தொகையும் இருக்கும் நிலையில் அந்த வாக்குறுதியை நம்மால் கொடுக்க முடிவதில்லை. ஆனால் பதினான்கு மணி நேரத்தை மட்டும் பழையபடியே எதிர்பார்க்கிறோம். ஏற்பாட்டில் நம் பக்கத்துப் பங்கு போய்விட்டது. அவர்கள் பக்கத்துப் பங்கு மட்டும் எப்படி நிற்கும்?

ஆளை எங்கே தேடுவது?

அட்டை தொங்கவிட்டு வரும் ஆளைவிட, இருக்கும் ஆள் கூட்டி வரும் ஆள் நிலைப்பார் என்பது நம் அனுபவம். அழைத்து வந்தவருக்கும் அதில் ஒரு பொறுப்பு இருக்கும். அப்படி வந்தவர் ஆறு மாதம் நின்றால், கூட்டி வந்தவருக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதில் தவறில்லை. கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் பெண்களையும் நாம் போதிய அளவு அழைப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பொட்டலம் போடவும் ரசீது போடவும் வரக்கூடியவர்கள் உண்டு. நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி அமைத்தால் வருடக்கணக்கில் இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயது நிரம்பாத குழந்தையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. மீறினால் ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதமோ, 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ உண்டு. சட்டத்தை விடுங்கள், படிக்க வேண்டிய பிள்ளையைப் பருப்பு மூட்டைக்கு அருகில் நிறுத்தக் கூடாது என்பதற்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களை நம்பித்தான் இன்று பல கடைகள் ஓடுகின்றன. "அவர்கள் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள்" என்பது பொதுவான புகார். ஹோலிக்கும், தீபாவளிக்கு அடுத்த வாரம் வரும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவது, நம் பிள்ளைகள் பொங்கலுக்கும் கொடைக்கும் போவதைப் போன்றதுதான். முன்கூட்டியே கேட்டு, இருவர் இருந்தால் முறை வைத்து அனுப்பினால் சொல்லாமல் போக வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பலர் பயந்து ரயிலேறினார்கள். தொழிலாளியின் வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தெரிந்து வைத்திருந்து, அவர் தாய் தந்தையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடிய முதலாளிக்கு அப்படிப்பட்ட நேரத்தில் பலம் அதிகம்.

முன்பணம் கட்டிப் போடாது

ஆள் ஓடிவிடாமல் இருக்கப் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்து வைப்பது நம்மில் சிலரது வழக்கம். இதை நாம் விட்டுவிட வேண்டும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் குற்றமாகிவிடும். வியாபாரக் கணக்கிலும் அது நட்டமே. போக நினைப்பவர் முன்பணத்தோடு போவார். போக முடியாதவர் மனமில்லாமல் நிற்பார். மனமில்லாமல் நிற்கும் ஆள் வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிப்பார்? மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற அவசரத்துக்குக் கைமாற்றாகக் கொடுப்பது வேறு. அதைச் சிறு தவணைகளில் பிடித்து, இருவர் கையெழுத்தோடும் நோட்டில் எழுதி வையுங்கள்.

தங்க வைப்பவை

முதலாவது, சம்பளத் தேதி. தொகையைவிடத் தேதிக்கு மரியாதை அதிகம். 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதிதான். வாடகைக்கும் சீட்டுக்கும் நாள் குறித்திருக்கும் ஒரு குடும்பம், "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பதிலை மூன்று முறைக்கு மேல் தாங்காது.

இரண்டாவது, வார விடுமுறை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. ஒரு வருடம் முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு. கடை ஏழு நாளும் திறந்திருக்கலாம். ஆளும் ஏழு நாள் நிற்க வேண்டும் என்பதில்லை. முறை வைத்து விடுங்கள். யாருக்கு எந்த நாள் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்றாவது, ஒரு நாற்காலி. 2021-இல் நம் மாநிலத்தில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயமானது. மதியம் 2 மணி முதல் 4 மணி வரை கூட்டம் இல்லாத நேரத்திலும் நின்றே இருக்க வேண்டும் என்று சொல்வதால் நமக்கு ஒரு ரூபாய் விற்பனைகூட ஏறப்போவதில்லை.

நான்காவது, பாதுகாப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். ரூ.15,000 சம்பளத்துக்கு நம் பங்கு ரூ.487.50. அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள சிறு கடைக்காரர், மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுக்கு ரூ.436, விபத்துக் காப்பீட்டுக்கு ரூ.20 என ஆளுக்கு வருடம் ரூ.456 தன் கையிலிருந்து கொடுத்து, வங்கியில் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றும் ரூ.2 லட்சத்துக்கான காப்பீடு. இதைச் செய்து தரும் முதலாளியை அந்தக் குடும்பம் மறக்காது.

ஐந்தாவது, படியேற்றம். தனிக் கடை வைத்துக் கொடுக்க இயலாவிட்டாலும், தொழிலைக் கற்றுக் கொடுக்க நம்மால் இயலும். முதல் வருடம் பொட்டலமும் எடையும். அடுத்து அடுக்கும் இருப்புக் கணக்கும். பிறகு மண்டிக்கு உடன் அழைத்துப் போய்ச் சரக்கின் தரம் பார்க்கப் பழக்குவது. ஒவ்வொரு படிக்கும் சம்பளம் எவ்வளவு உயரும் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். தொழில் கற்றுக்கொண்டு போய்விடுவானே என்று பயப்படுபவர்கள், கற்றுக்கொள்ளாதவனை வைத்துக்கொண்டு படும் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கையும் கணக்கும்

நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். ஆளைச் சோதித்துக்கொண்டே இருப்பது நம்பிக்கை ஆகாது. கணக்கே இல்லாமல் கல்லாவை விட்டுவிடுவதும் நம்பிக்கை ஆகாது. கணக்கு தெளிவாக இருந்தால் நல்லவர் நல்லவராகவே இருக்க வழி கிடைக்கும். மாலையில் கல்லாவை இருவர் சேர்ந்து எண்ணட்டும். விலை உயர்ந்த பத்து சரக்குகளை மட்டுமாவது வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். க்யூஆர் அட்டை கடையின் கணக்குக்கு உரியதுதானா என்று காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இவை இருந்தால், பணம் குறையும்போது வாடிக்கையாளர் முன்னால் ஒரு பையனின் சட்டைப் பையைத் துழாவ வேண்டிய அவலம் நேராது. அப்படி ஒருமுறை அவமானப்பட்டவர், குற்றமற்றவராக இருந்தாலும், மறுநாள் வரமாட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவரும் வேறு இடம் தேடத் தொடங்குவார்.

கட்டுபடியாகுமா?

"மளிகையில் கிடைக்கும் இலாபத்தில் இதெல்லாம் கட்டுபடியாகாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். துவரம் பருப்பு கிலோ ரூ.150 என்று வைத்துக்கொள்வோம். கை பழகாத புது ஆள் கிலோவுக்கு 20 கிராம் கூடுதலாகப் போட்டால் ரூ.3 நட்டம். நாளுக்கு 40 கிலோ பொட்டலம் போட்டால் ரூ.120. 26 நாளில் ரூ.3,120. இது ஒரே ஒரு சரக்கில், எடையில் மட்டும். விலை தெரியாமல் ரசீது போடுவது, பழைய இருப்பைப் பின்னால் தள்ளிப் புதியதை முன்னால் விற்று வண்டு விழ வைப்பது, வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் ஒன்றுக்கு மற்றொன்றை வைத்து வாடிக்கை இழப்பது ஆகியவை தனி. பழகிய ஆளுக்கு மாதம் ரூ.1,000 கூட்டிக் கொடுப்பது இதைவிட மலிவு.

இன்னொன்றும் உண்டு. பெரிய அங்காடியில் இல்லாத ஒன்று நம் கடையில் இருக்கிறது. "அக்கா, போன மாதம் வாங்கிய புளி சரியாக இருந்ததா?" என்று பெயர் தெரிந்து கேட்கும் ஆள். ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறும் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது நமக்கும் பெரிய அங்காடிக்கும் விலையில் மட்டும்தான் போட்டி. அந்தப் போட்டியில் நாம் வெல்வது கடினம்.

சங்கம் செய்ய வேண்டியது

இதில் தனிக் கடைக்காரர் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே மூன்று காரியங்களைச் சங்கங்கள் முன்னிலையில் வைக்கிறோம். ஒன்று, பக்கத்துக் கடை ஆளுக்கு ஐநூறு ரூபாய் கூட்டிக் காட்டி இழுப்பதில்லை என்று உறுப்பினர்கள் தமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தானாக விலகி வருபவருக்கு வேலை மறுக்கும் கறுப்புப் பட்டியலாக அது மாறிவிடக் கூடாது. இரண்டு, கடைத்தெரு முழுவதும் ஒரே வார விடுமுறை நாளை, குறைந்தது அரை நாளையாவது, பேசி முடிவு செய்ய வேண்டும். எதிர்க்கடை திறந்திருக்கிறதே என்ற பயத்தில்தான் பலர் விடுமுறை விடத் தயங்குகிறார்கள். மூன்று, எடை, ரசீது, இருப்புக் கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை ஆகியவற்றில் புதியவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்திலேயே பயிற்சி தரலாம். கற்றுத் தர மூத்த வணிகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரக்கு வாங்கும்போது தரம் பார்க்கிறோம். வாங்கிய சரக்கை ஈரம் படாமல், வண்டு விழாமல் காக்கிறோம். கடையில் நிற்கும் மனிதருக்கு அந்த அக்கறையில் பாதியாவது காட்ட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்றும் தீர்மானங்களாக வரட்டும் என்பது நம் வேண்டுகோள்.