உரிமைக்கு முன் பொறுப்பு

வட மாநிலங்களில் திருமண காலம் தொடங்கிவிட்டால், மணமகன் ஊர்வலத்தின் மேளச் சத்தத்தோடு துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் சேர்ந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. வானத்தை நோக்கிச் சுடுவது குடும்பத்தின் செல்வாக்கைப் பறைசாற்றும் சடங்காகவே அங்கு கருதப்படுகிறது. அந்தச் சடங்குக்கு அவ்வப்போது உயிர்ப்பலியும் கொடுக்கப்படுகிறது என்பதுதான் வேதனை.

2016-ஆம் ஆண்டு டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் பட்டிண்டா மாவட்டத்தின் மவுர் மண்டியில், திருமண விழா மேடையில் நடனமாடிக் கொண்டிருந்த இளம்பெண் குண்டு பாய்ந்து அங்கேயே சுருண்டு விழுந்து இறந்தார். 2018 டிசம்பர் 31 நள்ளிரவில் தெற்கு தில்லிப் பண்ணை வீடொன்றில் நடந்த புத்தாண்டு விருந்தில், கொண்டாட்டத்துக்காகச் சுடப்பட்ட குண்டு விருந்தினராக வந்திருந்த ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. அந்த வழக்கில் கைது செய்யப்பட்டவர் பிகாரைச் சேர்ந்த முன்னாள் சட்டப்பேரவை உறுப்பினர். வாழ்த்த வந்தவர்களையும் பிழைப்புக்காக மேடை ஏறியவர்களையும் பிணமாக்கி அனுப்பும் கொண்டாட்டத்தை நாகரிக சமுதாயம் எப்படிச் சகித்துக் கொள்கிறது?

இந்த நிலைக்கு முடிவு கட்டும் நோக்கத்துடன்தான் 2019 டிசம்பரில் படைக்கலச் சட்டம் திருத்தப்பட்டது. கவனக்குறைவாகவோ, கொண்டாட்டத்துக்காகவோ சுட்டுப் பிறரது உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று முதன்முறையாகத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. யாரும் சாக வேண்டியதில்லை, ஆபத்து விளைவித்தாலே குற்றம் என்பது இந்தப் பிரிவின் சிறப்பு. ஆனால், உயிர் போன பிறகுதான் வழக்கு என்பதே நடைமுறையாக இருக்கிறது. குண்டு யார் மீதும் படாத திருமணங்களில், விருந்தினர் வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே அதை ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அதே திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதுதான் முதலில் முன்வைக்கப்பட்ட மசோதா. துப்பாக்கி ஆர்வலர்கள், பரம்பரையாகத் துப்பாக்கி வைத்திருப்போர் ஆகியோரின் எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு என்று மத்திய அரசு இறங்கி வந்தது. ஆனாலும் ஆர்வலர்களின் மனக்குறை தீரவில்லை. துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை, அதை அரசு பிச்சையிடுவதுபோல உரிமமாகத் தருவது அந்நிய ஆட்சியின் மிச்சம் என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகப் புறந்தள்ளிவிட முடியாது. 1857 எழுச்சியின் அச்சம் மறையாத நிலையில், வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878-இல் கொண்டுவந்த படைக்கலச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு தேசத்தையே ஆயுதமற்றதாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய செயலாக வரலாறு கருதும் என்று அண்ணல் காந்தியே 1918-இல் கண்டித்தார். காங்கிரஸின் 1931 கராச்சித் தீர்மானம், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது.

துப்பாக்கி ஆர்வலர்கள் இவற்றையெல்லாம் மறக்காமல் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால், கராச்சித் தீர்மானம் அந்த உரிமையை விதிமுறைகளுக்கு உட்பட்டதாகவே வகுத்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். காந்திஜி பேசியது அவமதிக்கப்பட்ட ஒரு தேசத்தின் தன்மானத்தைப் பற்றி. அவரவர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய ரிவால்வரைப் பற்றி அல்ல.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கக் கோரித் திருத்தம் கொண்டுவந்தார். எவர் வேண்டுமானாலும் கடைத்தெருவுக்குச் சென்று தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் எப்படி நடக்கும் என்று கேட்டு அதை மறுத்தார் அம்பேத்கர். திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமைதான் 19-ஆவது பிரிவில் இடம்பெற்றது. அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்துவது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல என்பதை 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் நினைவூட்டியது. அந்நிய அரசு, மக்களைக் கண்டு அஞ்சி விதித்த தடை வேறு. சுதந்திர நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் விவாதித்துத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு வேறு.

அதேவேளையில், ஆர்வலர்களின் இன்னொரு குற்றச்சாட்டுக்கு அரசிடம் பதில் இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனிடம்தான் சட்டம் கெடுபிடி காட்டுகிறது, கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்த உரிமத்துக்கும் காத்திருப்பதில்லை என்கிறார்கள். இது உண்மை. ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுதங்கள் ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கிகள் சுமார் 7.1 கோடி. எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம். அவற்றில் பதிவு செய்யப்பட்டவை ஒரு கோடிக்கும் குறைவு. 2016 இறுதி நிலவரப்படி நாட்டில் நடப்பில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம் என்பது உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம்.

பதிவுக்கு வராத கோடிக்கணக்கான துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பது காவல்துறைக்குத் தெரியாத ரகசியம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் பிகாரின் முங்கேருக்குத் தலைநகரை மாற்றி ஆயுதச் சாலை அமைத்தார். அங்கே வேரூன்றிய கைத்தொழில் இன்று பெருமளவு கள்ளத் துப்பாக்கித் தொழிலாகச் சீரழிந்து கிடக்கிறது. உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் நலிந்தபோது, வேலையிழந்த கைவினைஞர்களைக் கடத்தல்காரர்கள் பயன்படுத்திக் கொண்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், புர்ஹான்பூர் பகுதிகளின் கதையும் இதுவே. இந்த ஊற்றுக்கண்ணை அடைக்காமல், உரிமம் பெற்றவரின் மூன்றாவது துப்பாக்கியைப் பறிமுதல் செய்வதால் மட்டும் குற்றம் குறைந்துவிடாது.

உரிமம் வழங்கும் முறையாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2012 முதல் 2016 வரை ஜம்மு-காஷ்மீரில் 2.78 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கி உரிமங்கள் தகுதியற்றவர்களுக்கு வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை சிபிஐ விசாரிக்க நேர்ந்தது. பயங்கரவாதத்தால் அல்லலுறும் எல்லை மாநிலத்திலேயே உரிமம் விலை பேசப்பட்டது என்பது நாட்டின் பாதுகாப்போடு விளையாடும் செயல். அச்சுறுத்தலுக்கு உள்ளான ஏழைக்கு உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்பு, அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கு அது கௌரவச் சின்னம் என்கிற நிலை மாறாத வரையில், சட்டத்தின் நியாயத்தைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமம் மறுக்கப்படக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருப்பது அதிகாரிகளுக்குத் தெரியாதா என்ன?

துப்பாக்கி தரும் பாதுகாப்பு பற்றிய மயக்கமும் கேள்விக்கு உள்ளாக்கப்பட வேண்டும். 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடூரமான பாலியல் கொலையைத் தொடர்ந்து, 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்காக 'நிர்பீக்' என்கிற இலகுவான ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். கூலி வேலைக்குப் போய் இரவில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. தெருவிளக்கும், நேரத்துக்கு வரும் பேருந்தும், புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையமும் தர வேண்டிய பாதுகாப்பை ரிவால்வர் தரும் என்று ஓர் அரசு நிறுவனமே விளம்பரப்படுத்துவது, அரசு தன் கடமையைக் கைகழுவுவதற்கு ஒப்பாகும்.

வீட்டில் இருக்கும் துப்பாக்கி கொள்ளையனைவிட வீட்டாரையே அதிகம் பலி கொள்கிறது என்பதற்கு, ஆர்வலர்கள் முன்னுதாரணமாகக் காட்டும் அமெரிக்காவே சாட்சி. 2022-இல் அங்கு துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஒரு நிமிட ஆத்திரமும் ஒரு நாள் விரக்தியும் மீள முடியாத முடிவாகிவிடுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் போதும்.

ஆர்வலர்கள் அனைவரும் பொறுப்பற்றவர்கள் என்று கூறுவது நியாயமாகாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும், 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவும், 2024 பாரீஸில் மனு பாக்கரும் வென்ற பதக்கங்கள் தேசத்துக்குப் பெருமை சேர்த்தவை. துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்களில் ஒழுக்கம்தான் முதல் பாடம். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும். குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் தருணம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் கைக்கொள்பவரால் திருமணக் கூட்டத்தின் நடுவே துப்பாக்கியை உயர்த்திப் பிடிக்கவே முடியாது.

கர்நாடகத்தின் குடகு இன்னொரு எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் காலந்தொட்டுக் குடகு மக்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. கைல்போல்து திருநாளில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வழிபடும் அந்தச் சமூகத்தில், அது குடும்பத்தின் வழிபாட்டுப் பொருள். ஆயுதத்தின் மீது மரியாதை இருக்கும் இடத்தில் கட்டுப்பாடு தானாகவே வருகிறது. அது விளையாட்டுப் பொருளாகவும் வீண் பகட்டாகவும் மாறும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

அரசுகளே அந்த ஆபத்தை வளர்க்கும் போக்கும் கவலை தருகிறது. பதற்றமான பகுதிகளில் வாழும் மண்ணின் மைந்தர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க அசாம் அமைச்சரவை 2025 மே மாதம் முடிவெடுத்தது. குடிமக்களைப் பாதுகாப்பது அரசின் பணி. அதற்குப் பதிலாக ஒரு பிரிவினரிடம் ஆயுதத்தைக் கொடுப்பது அடுத்த பிரிவினரையும் ஆயுதம் தேட வைக்கும். பழங்குடி இளைஞர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்திய சத்தீஸ்கர் அரசின் செயல் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை மறந்துவிடலாகாது. 2023-இல் மணிப்பூரில் அரசுக் கிடங்குகளிலிருந்து சூறையாடப்பட்ட ஆயிரக்கணக்கான ஆயுதங்களைத் திரும்பப் பெற அரசு பட்ட பாடும் நினைவில் இருக்க வேண்டும். கொடுத்த துப்பாக்கியையும் பறிபோன துப்பாக்கியையும் திரும்ப வாங்குவது எளிதல்ல.

செய்ய வேண்டியவை சிக்கலானவையும் அல்ல. 2016-ஆம் ஆண்டு படைக்கல விதிகள் துப்பாக்கி வைத்திருப்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டே எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. அந்தப் பயிற்சி காகிதச் சான்றிதழோடு நின்றுவிடாமல், சுடும் தளத்தில் சோதித்தறியப்பட வேண்டும். 2019 திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியிருப்பதால், இடைக்காலத்தில் ஒருமுறையாவது உரிமதாரரின் மனநிலையும் வழக்குப் பின்னணியும் ஆராயப்படுவது அவசியம். வாங்கிய தோட்டாக்களுக்கும் பயன்படுத்திய தோட்டாக்களுக்கும் கணக்குக் கேட்டாலே, மணவிழாத் துப்பாக்கிகள் பாதி மௌனமாகிவிடும். கொண்டாட்டத்துக்காகச் சுட்டவரின் உரிமத்தை உடனடியாக ரத்து செய்வதுடன், அதை அனுமதித்த மண்டப உரிமையாளரையும் பொறுப்பாக்க வேண்டும். துப்பாக்கியைப் பகிரங்கமாகக் காட்டுவதற்கும், துப்பாக்கியைப் போற்றும் பாடல்களுக்கும் 2022-இல் பஞ்சாப் அரசு விதித்த தடை, அறிவிப்போடு முடங்காமல் செயலில் காட்டப்பட வேண்டும்.

இதில் துப்பாக்கி ஆர்வலர் அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவது துப்பாக்கிக்காக எழுப்பிய குரலில் பாதியையேனும் மண மேடையில் மடிந்த பெண்ணுக்காக எழுப்பியிருந்தால், அவர்களின் உரிமைக் கோரிக்கைக்குத் தார்மிக வலிமை கிடைத்திருக்கும். கொண்டாட்டத்துக்காகச் சுடுபவர் தங்களில் ஒருவரல்லர் என்று அவர்கள் பகிரங்கமாக அறிவிக்கட்டும். அத்தகையோரின் உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று முதலில் கோருபவர்களாகவும் அவர்களே இருக்கட்டும். தனது கையிலுள்ள ஆயுதத்துக்குப் பொறுப்பேற்காதவர், அதை வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்!