72 மணித்தியாலத்துக்குள் ஓர் ஊசி



தலைப்பிள்ளை தங்கி அடுத்தது தங்காவிட்டால், "கண்ணூறு" என்று சொல்வோர் எங்கள் றத்தோட்டை, எல்கடுவைத் தோட்டப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சில வீடுகளில் காரணம் இரத்த வகையாக இருக்கலாம். தாய் ஆர்எச் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால், பிரசவத்தில் கலக்கும் பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகலாம். அது பெரும்பாலும் அடுத்த பிள்ளையின் செங்குருதிக் கலங்களையே சிதைக்கும். பிரசவித்து 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்ரி-டி ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கருச்சிதைவுக்குப் பிறகும் அது தேவைப்படலாம். கருச்சிதைவைத்தான் நம் பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். என் பெரிய கவலையும் அதுவே.

இம்மருந்து மனிதர் கொடுக்கும் குருதியிலிருந்தே கிடைக்கிறது. 2025இல் காலமான அவுஸ்திரேலியர் ஜேம்ஸ் ஹரிசன் இதற்காக 1,000 தடவைக்கு மேல் கொடுத்தார். வணங்கத்தக்க மனிதர்.

தாய் ஓ வகை, பிள்ளை ஏ அல்லது பீ என்றாலும் இவ்வாறு கலங்கள் சிதைந்து பிள்ளைக்குச் செங்கண்மாரி வரலாம். முதற்பிள்ளைக்கும் வரும், தடுக்க ஊசி இல்லை. பிறந்த முதல் நாளே மேனி மஞ்சளித்தால் வெயிலில் காட்டிக் காத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாவட்டச் சுகாதார அதிகாரிகள் இவற்றைத் தோட்டக் கிளினிக்குகளில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். முன்பு கரு கலைந்ததா என்று தாய்மாரை மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேட்கவும் வேண்டும்.

ஒரு வாசகி,
றத்தோட்டை.