பரவுவதெல்லாம் பேச்சாகுமா?

சமூக ஊடகங்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஊமையாக இருந்த மக்களுக்கு வாய் கொடுத்த கருவி என்பது ஒரு கட்சி. வம்புக்கும் வதந்திக்கும்தான் பயன்படும் என்பது மறு கட்சி. பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புத்தான்! ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் வேறொரு கேள்விக்கு விடை காண வேண்டும். பொதுப் பிரச்சினை ஒன்றைப் பற்றி மக்கள் பயனுள்ள முறையில் பேசுவது என்றால் என்ன?

விடை தேடித் திண்டுக்கல்லுக்குப் போவோம். பூட்டுக்குப் பேர்போன இந்த ஊர் தோல் பதனிடும் தொழிலுக்கும் பேர்போனது. தோலைப் பதனிட உப்பும் குரோமியச் சேர்மங்களும் பயன்படுகின்றன. கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விட்டால் அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. கிணற்று நீர் கெடுகிறது, பயிரும் பாழாகிறது.

"தண்ணீர் கெட்டுவிட்டது" என்று கூச்சலிட்டால் மட்டும் போதுமா? எந்தக் கிணறு? எத்தனை கிணறு? ஒரு தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து! வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991-இல் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அந்தத் தீர்ப்பில் இந்த எண்கள் இடம்பெற்றுள்ளன. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் நீதிமன்றம் உறுதி செய்தது. கெட்ட நிலத்தடி நீர் ஒரு தீர்ப்பால் ஒரே நாளில் நல்ல நீராகிவிடாது. ஆயினும் மக்களின் குறை கேட்கப்பட்டது.

இதில் மூன்று இயல்புகளைக் கவனியுங்கள். சொன்ன செய்தி சோதித்துப் பார்க்கத்தக்கது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் இருந்தது, கடமையும் இருந்தது. முடிவு எழுத்தில் பதிவாயிற்று. இம்மூன்றும் இருந்தால் அது பேச்சு. இல்லையேல் வெறும் இரைச்சல்.

இன்று வாய்க்காலில் நுரை பொங்கினால் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து நிமிடத்தில் ஊருக்கே காட்டிவிடலாம். இது பெரிய வசதி. ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? எந்த ஊர், எந்த நாள் என்று கேட்பவர் சிலரே. கோபத்தோடு பகிர்பவர் பலர். மறுநாள் வேறொரு படம் வந்துவிடும், வாய்க்கால் மறந்துபோகும். நாம் எந்தப் பதிவில் அதிக நேரம் நிற்போம் என்று கணித்து, அதை முன்னால் காட்டும்படியே பெரும்பாலான தளங்கள் அமைக்கப்பட்டுள்ளன. உண்மையா பொய்யா என்பது அந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை உலவிய சுமார் 1,26,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தனர். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் உண்மைக்குத் தேவைப்பட்டதாம்!

பொய் வேகமாக ஓடினால் உயிரும் போகும். அதே 2018-ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸப்பில் தமிழகமெங்கும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. யாரும் அவரிடம் பதில் கேட்டுக் காத்திருக்கவில்லை.

"மனிதர்கள் அப்படித்தான், ஊடகத்தைக் குறை சொல்லி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். பாதி உண்மை. அமைப்பு மாறினால் அதே மனிதர்களின் நடத்தையும் மாறுகிறதே! ஒருவர் ஐவருக்கு, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவருக்கு என்று அனுப்பினால் எட்டாவது படியில் எத்தனை பேர்? பெருக்குத் தொடர்வரிசை படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள்: 3,90,625. ஒருவர் ஒருவருக்கே அனுப்பினால் எட்டாவது படியிலும் ஒருவர்தான். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸப் கட்டுப்பாடு வைத்தது. அத்தகைய செய்திகளின் பகிர்வு 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது.

தைவான் நாட்டில் இன்னொரு முயற்சி. ஊபர் வாடகைக் கார்களை எப்படி முறைப்படுத்துவது என்று 2015-இல் 'வி-தைவான்' என்ற இணைய ஏற்பாட்டின் மூலம் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் ஒரு கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், விட்டுவிடலாம். பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டையிட வழி இல்லை. எதிரெதிர் அணிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கருத்துகளைக் கணினி பொறுக்கி எடுத்துக் காட்டியது. அவற்றை ஒட்டி அரசு விதிகளை வகுத்தது.

ஆகவே என் முடிவு இது: சமூக ஊடகத்தில் நல்ல பொதுப் பேச்சு நடக்க முடியும். ஆனால் அது தானாக நடக்காது. அதற்கேற்ற விதிகளோடு தளத்தை அமைக்க வேண்டும். அமைக்கும்படி நாம் கேட்க வேண்டும். கிராம சபையில் தலைவரும், பொருள் நிரலும், தீர்மானப் புத்தகமும் இருப்பது எதற்காக? பேச்சு இரைச்சலாகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே!

அடுத்த முறை உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு படம் வந்தால், விரல் பகிரும் பொத்தானைத் தொடுமுன் எந்தக் கிணறு என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பெரியவர்கள் மூலம் கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். 467 என்ற எண்ணும் ஒரு கிணற்றிலிருந்துதான் தொடங்கியது.