மரக்குதிரையை உள்ளே இழுத்தது யார்?



ஆண்டு மலருக்கு ‘கம்ப்யூட்டர் வைரஸ்’ பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். எழுத உட்கார்ந்தால் பேனா வேறு பக்கம் போகிறது. என் மனதில் கிடப்பது வைரஸ் அல்ல. வைரஸ் ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஃபைலுக்குத் தொற்றிப் பரவும். நான் சொல்ல வந்தது தானாக எங்கும் தொற்றாது. நல்ல பிள்ளை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். கதவைத் திறந்து ‘வா’ என்று கூப்பிடுவது நாம்தான். அதற்குப் பெயர் டிரோஜன்.

பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். கிரேக்கர்கள் டிராய் நகரைப் பத்து வருஷம் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் ஒரு பெரிய மரக்குதிரையைச் செய்து வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போவது போல நடித்தார்கள். டிராய்க்காரர்களே அதைக் கோட்டைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். ராத்திரி குதிரையின் வயிற்றில் இருந்த வீரர்கள் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். 1970-களிலேயே அமெரிக்க விமானப்படைக்காக எழுதப்பட்ட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அறிக்கையில் இந்தப் பெயர் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அந்தக் குதிரை வந்தது கல்யாணப் பத்திரிகை வடிவத்தில்.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். போன ஆவணி மாதம் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு மாமாவின் நம்பரில் இருந்து ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஒரு ஃபைல் வந்தது. முகூர்த்த மாதம். மாமாவுக்குக் கல்யாண வயசில் பெண் இருக்கிறாள். யார்தான் திறக்க மாட்டார்கள்? ஆனால் அந்தப் பெயரின் வாலில் ‘ஏ.பி.கே.’ என்று இருந்தது. அப்படி முடிந்தால் அது படமும் அல்ல, பத்திரிகையும் அல்ல. ஆண்ட்ராய்டு போனில் ஏற்றுகிற ஒரு செயலி. போன் சும்மா விடவில்லை, ‘தெரியாத இடத்துச் செயலி, ஏற்றலாமா?’ என்று இங்கிலீஷில் கேட்டது. பிறகு ‘எஸ்.எம்.எஸ். படிக்கலாமா?’ என்று கேட்டது. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பத்திரிகை தெரிய வேண்டுமே என்று கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்திருக்கிறார். பத்திரிகை வரவே இல்லை. மாமாவின் வாட்ஸ்அப் கணக்கு அதற்கு முன்பே திருடன் கைக்குப் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. நமக்கு வரும்போதே திருடனுக்கும் போகும். ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று எத்தனை விளம்பரம் போட்டாலும் இங்கே பயனில்லை. அப்பா யாரிடமும் சொல்லவில்லையே! கன்றுக்குட்டி விற்று என் ஹாஸ்டல் மெஸ் பணத்துக்காகப் போட்டு வைத்திருந்த 11,500 ரூபாய் மூன்று தவணையாகப் போய்விட்டது.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. அப்பா இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “படிக்காதவன் கையில போன் குடுத்தா இப்படித்தான் ஆவும்.” பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். பணம் திருடன் கைக்குப் போய்ச் சேருவதற்குள் இடையில் இருக்கும் கணக்கில் அதை முடக்கி வைக்க வழி இருக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சொன்னால் முடக்க என்ன மிச்சம் இருக்கும்? புகார் நம்பர் மட்டும் எங்களிடம் இருக்கிறது.

நண்பர்களே, பணம் போனது அந்த ஃபைலால். அதை மீட்க முடியாமல் போனது வெட்கத்தால். ‘ஏமாந்தவன் முட்டாள்’ என்று நாம் டீக்கடையில், வகுப்பில், ஸ்டேட்டஸில் சிரிக்கிறோம் அல்லவா, அந்தச் சிரிப்புதான் என் அப்பாவின் வாயை இரண்டு நாள் கட்டிப்போட்டது. திருடனுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைப்பானா?

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பதும் பொய். 1989 டிசம்பரில் லண்டனில் இருந்து சுமார் 20,000 ஃப்ளாப்பி டிஸ்க்குகள் தபாலில் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் டிஸ்க் என்று மேலே எழுதியிருந்தது. பெற்றவர்களில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் சந்தாதாரர்களும், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். டிஸ்க்கைப் போட்டால் உண்மையாகவே கேள்விகள் கேட்டு, உங்களுக்கு நோய் வரும் அபாயம் எவ்வளவு என்று சொல்லும். அடியில் வேறு வேலை நடந்தது. கம்ப்யூட்டரை எத்தனை தடவை போடுகிறோம் என்று அது எண்ணிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 90 தடவை ஆனதும் ‘சி’ டிரைவில் உள்ள ஃபைல்களின் பெயர்களையெல்லாம் மாற்றிப் பூட்டிவிட்டு, பனாமா நாட்டில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. செய்தவராகக் கைதானவர் ஜோசப் பாப் என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர். அவர் மனநிலை விசாரணைக்கு ஏற்றதல்ல என்று பிரிட்டனில் வழக்கு நடக்காமலே போயிற்று.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்று. டிஸ்க்கோடு வந்த துண்டுத் தாளிலேயே, பணம் கட்டாவிட்டால் உங்கள் மற்ற புரோகிராம்கள் பாதிக்கப்படும் என்ற பொருளில் எழுதியிருந்தது! படிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் போட்டார்கள். நோயைப் பற்றிய பயம் இருந்தவர்களுக்கு நோயின் பெயரில் டிஸ்க். பெண் வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் கல்யாணப் பத்திரிகை. குதிரையைச் செய்கிறவன் நம் அறிவை அளந்து செய்வதில்லை. நம் தேவையை அளந்துதான் செய்கிறான்.

என் தேவை என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்பு, நம் துறைக் கருத்தரங்குக்குப் போஸ்டர் செய்ய வேண்டியிருந்தது. அதற்கான சாப்ட்வேரை விலை கொடுத்து வாங்க நம்மால் முடியுமா? சீனியர் ஒருவர் பென்டிரைவ் கொடுத்தார். உள்ளே ‘கிராக்’ என்று ஒரு ஃபோல்டர். கூடவே ஒரு குறிப்பு: ஆன்டிவைரஸை முதலில் அணைக்கவும், அது பொய்யாகக் கத்தும், பயப்பட வேண்டாம். நாய் குரைக்கும், கட்டிப் போட்டுவிடு என்று திருடனே சொல்வது போல! கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற நான் அணைத்தேன். பத்து நாளில் என் இன்ஸ்டாகிராமில் யாரோ முதலீட்டு விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இந்த வகை டிரோஜன் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறோம் என்று காட்டும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இந்தத் திருட்டில் பெயர் பெற்ற ரெட்லைன் என்பதன் சர்வர்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீசும் அமெரிக்க எஃப்.பி.ஐ.யும் இன்னும் சில நாடுகளும் சேர்ந்து முடக்கின. அந்த இனம் ஒழிந்துவிடவில்லை. லேப்டாப்பை முழுக்க அழித்து மறுபடி ஏற்றினோம். மினி புராஜெக்ட் போயிற்று.

எனவே பேரவைக்கு என் கோரிக்கை. லேபில் சுற்றும் அந்த பென்டிரைவுக்குப் பதிலாக நாமே ஒன்று வைப்போம். படத்துக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு லிப்ரேகேட், ஃப்ரீகேட். எல்லாம் இலவசம், அவரவர் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்கலாம். ஆட்டோகேட் கூட மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நம் துறையில் பாதிப் பேருக்கு இது தெரியாது! நோட்டீஸ் போர்டில் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே ஒரு மாணவரின் பெயரும் இருக்கட்டும். ஏமாந்தவர் அவரிடம் அன்றைக்கே வந்து சொன்னால் சிரிக்காமல் கேட்டு, கூடவே உட்கார்ந்து போன் போட வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போவேன். தங்கச்சி அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். லேப்டாப் ரிப்பேர் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா, அது ரிப்பேர் இல்லப்பா.