அணுவின் பெயரால் மனத்துக்கு மருந்தா?

அணுவைக் காட்டி மனநோய்க்கு மருந்து விற்கும் கூட்டம் ஒன்று உலகெங்கும் பெருகியுள்ளது. “காண்பான் இன்றிக் காட்சி இல்லை என இயற்பியலே கூறிவிட்டது; ஆகவே உன் எண்ணமே உன் உலகம்; எண்ணத்தை மாற்று, நோய் நீங்கும்” என்பது அக்கூட்டத்தாரின் வாய்பாடு. கேட்க இனிக்கிறது. ஆனால் இதில் இயற்பியல் எங்கே உள்ளது?

குவாண்டம் இயக்கவியலில் அளவிடுதல் என்பது கருவியொன்று துகளோடு ஊடாடுவதே. ஆளில்லாத ஆய்வுக்கூடத்திலும் நள்ளிரவில் கைகர் எண்ணி தன் கடமையைச் செய்கிறது. காண்பவரின் உணர்வுக்கு இதில் பங்குண்டு என 1961-இல் யூஜின் விக்னர் எழுதியது மெய்யே. பின்னாளில் அவரே அக்கருத்தைக் கைவிட்டதை மட்டும் இவர்கள் மறைத்துவிடுகின்றனர். ரோஜர் பென்ரோஸ் மூளைக்குள் குவாண்டம் நிலைகளைக் கொண்டு உணர்வை விளக்க முயன்றார். மூளையின் வெம்மையில் அந்நிலைகள் நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்குகூட நில்லா என 2000-ஆம் ஆண்டில் மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். அதற்கும் மறுப்பு வந்தது. முடியாத வழக்கை முதலாக்கி மருந்துக்கடை திறப்பது எவ்வகை அறம்?

செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2004-இல் நிறுவப்பட்ட நடராசர் சிலையைச் சான்றாகக் காட்டுவோரும் உளர். அச்சிலை இந்திய அரசின் அன்பளிப்பு. ஆய்வின் முடிவு அன்று!

வொல்ஃப்காங் பௌலியின் வாழ்க்கையை இவர்கள் படிக்கட்டும். குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியோருள் ஒருவர் அவர். 1927-இல் அவருடைய அன்னை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மணவாழ்வோ ஓராண்டு நிறையுமுன் 1930-இல் முறிந்தது. குடி பெருகியது, உள்ளம் நொறுங்கியது. அப்போது அவர் தம் சமன்பாடுகளிடமா ஆறுதல் தேடினார்? சூரிக் நகரில் உளவியல் அறிஞர் யுங்கிடம் சென்றார். யுங் அவரைத் தம் மாணவியிடம் அனுப்பினார். மாதக்கணக்கில் பௌலி தம் கனவுகளை எடுத்துரைத்தார். அம்மாது பொறுமையோடு கேட்டார். 1952-இல் யுங்கும் பௌலியும் ஒரே நூலில் எழுதினர் என்பதைப் பெருமையாகப் பேசுவோர், அதில் பௌலி எழுதியது வானியலறிஞர் கெப்ளரைப் பற்றி என்பதை அறிவரா?

எண்ணமே நோயை ஆக்கியது என்றால் நோயாளியே குற்றவாளி ஆகிறார். உறக்கம் இழந்து, உணவை வெறுத்து, மனச்சோர்வில் துவளும் ஒரு தாயிடம் “உன் அதிர்வெண் தாழ்ந்துவிட்டது” என்கிறான் இவ்வணிகன். மருத்துவர் தரும் மருந்தும், செவிசாய்ப்பார் ஒருவரின் துணையும் பெற வேண்டியவள், கட்டணத்தையும் செலுத்திப் பழியையும் சுமந்து வீடு திரும்புகிறாள்.