காரும் பேருந்தும்

சென்னை அண்ணா சாலையில் காலை ஒன்பது மணியளவில் சிவப்பு விளக்கு எரியும்போது, நடைபாதையில் நிற்பவர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கின் முன் மூன்று கார்கள் நிற்கின்றன. முதற் காரில் ஒருவர், இரண்டாவதில் ஒருவர், மூன்றாவதில் இருவர். அவற்றின் பின்னே ஒரு மாநகரப் பேருந்து. அதனுள் அமர்ந்தோரும், நின்றோரும், படியருகே நெருங்கியோருமாக அறுபது பேருக்குக் குறையார். அப்பேருந்து அடைத்துக்கொள்ளும் இடமோ ஏறத்தாழ அம்மூன்று கார்களின் இடமே. நால்வர் நகர்ந்தாலன்றி அறுபது பேர் நகர இயலாது. பச்சை விளக்கு எரிந்து மீண்டும் சிவப்பாகிறது. பேருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது.

காரின் நன்மைகளை மறுப்பார் இலர். நள்ளிரவில் நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், நடக்கவியலாத முதியோரை வாயிலில் ஏற்றி வாயிலில் இறக்கவும், பேருந்து செல்லாத சிற்றூரை அடையவும் அது பெருந்துணை. ஆயினும், நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே திசையில் செல்லும் பல்லாயிரவர், ஆளுக்கொரு காரில் புறப்படுவாராயின், அந்நன்மை தன்னைத் தானே தின்றுவிடுகிறது. விரைவிற்காக வாங்கிய வண்டி நடப்பவனுக்கும் பின்னே ஊர்கிறது. ‘ஊர்தி’ என்னும் சொல் அப்பொழுதுதான் முற்றும் பொருந்துகிறது போலும்!

கார் வைத்திருப்போர் வண்டிக்கும் எரிபொருளுக்கும் வரிக்கும் தம் பொருளையே செலவிடுகின்றனர். எனவே சாலையில் தமக்குத் தனியுரிமை உண்டென எண்ணுகின்றனர். ஒன்றை மட்டும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஓடும் கார், எஞ்சிய இருபத்திரண்டு மணி நேரமும் எங்கேனும் நின்றாக வேண்டும் அன்றோ? தெருவோரத்தில் அது நிற்கும் இடம் பொதுமக்களுடையது. நடைபாதை மேல் ஏறி நிற்கும் காரைச் சுற்றிக்கொண்டு, பள்ளிச் சிறுவர் நடுச்சாலையில் இறங்கி நடக்கின்றனர். அவ்விடத்திற்கு வாடகை கொடுத்தவர் யார்?

தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர், 1975ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியை எழுப்பியது. காலை வேளையில் நகரின் நடுப்பகுதியில் நுழையும் கார்களுக்கு அந்நகரம் கட்டணம் விதித்தது. நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் ஏறிவரும் காருக்கு அந்நாளில் அக்கட்டணம் இல்லை. வெற்றிருக்கைக்கே விலை வைத்தனர் எனலாம். 1990 முதல், புதிய கார் வாங்குவோர் பத்தாண்டுக்குரிய உரிமைச் சான்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. இது கடுமை என்பார் உளர். ஆனால் அந்நகரம் தடுப்பதோடு நின்றுவிடவில்லை. 1987இலேயே விரைவு இரயிலையும் ஓடவிட்டது.

பொதுப் போக்குவரத்து சென்னைக்கும் புதிதன்று. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடியது அந்நகரத்திலேதான், ஆண்டு 1895. அது 1953இல் நின்றுபோயிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்சார இரயில் வந்தது. 1995இல் பறக்கும் இரயிலும், 2015இல் மெட்ரோ இரயிலும் தொடர்ந்தன. இவை யாவும் பெரும் பணிகளே. எனினும், இரயில் நிலையம் எல்லார் வீட்டருகிலும் அமைவதில்லை. தெருமுனைவரை வருவது பேருந்து ஒன்றே. பூக்கூடையோடு விடியலில் புறப்படும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும் அதுவே ஊர்தி. தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021ஆம் ஆண்டு முதல் மகளிர் கட்டணமின்றிச் செல்லத் தொடங்கியபோது, சிறு கூலி பெறும் பெண்களின் கையில் நாள்தோறும் சில ரூபாய் தங்கிற்று.

கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. காத்திருக்கும் நேரமும் குறைய வேண்டும். நிழலற்ற நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்ற பின்னரும், வரும் பேருந்தில் கைப்பிடிக்கே இடமில்லையாயின், இளைஞன் ஒருவன் என்செய்வான்? கடன்பட்டேனும் இருசக்கர வண்டியொன்றை வாங்குவான். பின்னர்ப் பொருள் சேர்ந்ததும் கார் வாங்குவான். அவனது ஆடம்பரத்தைப் பழிப்பது எளிது. ஐந்து நிமிடத்திற்கு ஒரு பேருந்து வந்திருக்குமாயின், அவன் அக்கடனை வாங்கியிருக்க மாட்டான்.