மலையிலிருந்து கோர்ட்டு வரை கூட வருவது யார்?

சேர்வராயன் கோயிலுக்குள் யாரும் நிமிர்ந்து போக முடியாது. குகைக் கோயில். கலெக்டரானாலும் சரி, காப்பித் தோட்டக் கூலியானாலும் சரி, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழா என்றால் மலைக் கிராமத்து ஜனம் அத்தனையும் அங்கேதான்.

திருவிழாச் செய்தி எழுதப் போனவன், திரும்பும்போது சேலம் பஸ்சில் ஒரு அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் ஒரு ஃபைல், தண்ணீர் பாட்டில், மடித்த குடை. திருவிழா பார்க்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை. பேச்சுக் கொடுத்தேன். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போவதுதான் அவர் வேலையாம். ஒரு வீட்டில் வாய்தா தள்ளிப் போன சேதியைச் சொல்லிவிட்டு வருகிறார்.

"இதுக்கு எதுக்கும்மா இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும்? ஒரு போன் பண்ணினா ஆச்சே?" என்றேன்.

"அந்த வீட்டுல போன் சித்தப்பா கையில இருக்கும் தம்பி. போன்ல சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. "நீங்க பேப்பர்காரர். உங்ககிட்ட நான் ஏன் சொல்லணும்?" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

இந்த வேலை எதற்கு, இதில் என்ன பெரிய உத்தியோகம் இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாச்சாத்தியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் தர்மபுரி மாவட்டம். அங்கே சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் பக்கம் இருக்கிறது வாச்சாத்தி. அங்கேயும் மலையாளி ஜனம்தான், ஏற்காட்டில் இருப்பவர்களின் சொந்த பந்தம்தான்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், தானியத்தை நாசம் செய்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு வயது 13. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் மீது கேஸ் போட்டுச் சேலம் ஜெயிலில் கொண்டுவந்து அடைத்தார்கள்! நாம் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வருகிற இதே சேலம்தான்.

அந்தப் பெண்களை வழியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ரிமாண்டு செய்தவர்கள், ஜெயிலில் பேர் எழுதிக்கொண்டவர்கள், காவல் நின்றவர்கள். "என்னம்மா நடந்தது?" என்று உட்கார வைத்துக் கேட்க ஒரு ஆள் சட்டப்படி கிடையாது. மிரட்டி வைத்திருந்தபடியால் அவர்களாகவும் வாய் திறக்கவில்லை. ஜூலை மாதம் மலைவாழ் மக்கள் சங்கத்தார் போய் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே கசிந்தது. பிறகு தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் வந்தார். பெண்களிடம் ஒரு பெண்ணாக உட்கார்ந்து பேசினார். அவர் கொடுத்த அறிக்கைதான் இந்தக் கேசுக்கு முதுகெலும்பு. 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செசன்சு கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திலும் தண்டனை. அப்பீல் போனார்கள். 2023-ல் நீதிபதி வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்கே போய் ஊரைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அப்பீல்களைத் தள்ளுபடி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க உத்தரவு.

31 வருஷம்! அன்றைக்கு 13 வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு ஐகோர்ட்டுத் தீர்ப்பு வரும்போது வயது 44. இத்தனை வருஷமும் கோர்ட்டுக்கு நடந்து, கூண்டில் ஏறி, வக்கீல்களின் கேள்விக்குப் பதில் சொல்லி நின்றார்கள் என்றால், சங்கத்தாரும் மாதர் இயக்கத்தாரும் கூட இருந்ததால்தான். சர்க்கார் அனுப்பிய ஆள் அல்ல. தானாக வந்தவர்கள்.

இன்றைக்குச் சட்டம் மாறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க அதன் வீட்டுக்கே போகவேண்டும், யூனிபாரம் கூடாது, கூடிய மட்டும் பெண் சப்-இன்ஸ்பெக்டர் போகவேண்டும். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் வாங்கவேண்டும், "இது எங்க லிமிட் இல்லை" என்று விரட்டக்கூடாது. ஆஸ்பத்திரி தனியாருடையதானாலும் காசு வாங்காமல் முதல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். பெண்ணின் உடம்பை இரண்டு விரலால் சோதிக்கிற கேவலத்தை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு அடியோடு கண்டித்து நிறுத்தச் சொல்லிவிட்டது.

எல்லாம் காகிதத்தில் பிரமாதம். ஆனால் நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தோட்டக் கூலிக்கு இதில் எது தெரியும்? "எஃப்.ஐ.ஆர். காப்பி இருக்கா?" என்று கவுண்டரில் கேட்டால் திரும்பிப் போய்விடுவார். "குளிப்பாட்டாதீங்க, அந்தத் துணியைத் துவைக்காதீங்க" என்று முதல் நாளே சொல்ல ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் சாட்சியம் அத்தனையும் ஓடைத் தண்ணீரோடு போய்விடும்.

அந்த ஆளைத்தான் போக்சோ விதிகள் 'துணை நபர்' என்கின்றன. குழந்தைகள் நலக்குழு நியமிக்கும். ஆஸ்பத்திரி, வாக்குமூலம், வாய்தா, நஷ்ட ஈடு எல்லாவற்றிலும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பக்கத்தில் இருந்து, அடுத்து என்ன என்று சொல்லவேண்டும். இப்படி ஒரு ஆள் கிடைப்பார், கேட்டு வாங்குவது உங்கள் உரிமை என்று ஒவ்வொரு கேசிலும் பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று 2023 ஆகஸ்டு 18-ந் தேதி, உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

18 வயது தாண்டிய பெண் என்றால் அவளுக்கு ஒருங்கிணைந்த சேவை மையம். சகி என்று பெயர். ஆலோசகர், கேஸ் ஒர்க்கர், வக்கீல் உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஏற்காடு மாவட்டமல்ல, தாலுகா! உள்மலைக் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வருவதே ஒரு பிரயாணம். அப்புறம் அடிவாரம் வரை இருபது வளைவு. கையில் காசில்லாத பெண், முகத்தில் காயத்தோடு, அதே பஸ்சில் ஊர்க்காரர் நாலு பேர் பார்க்க இறங்கி வருவாளா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, இந்த வேலை செய்கிறவர்களின் கதை என்ன? பாதிப் பேர் ஒப்பந்தம், தொகுப்பூதியம். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை. துணை நபருக்குக் கூலி, தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி என்று விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் அதே கணக்கு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற சம்பளம் கொடுக்க வேண்டும், அதேபோல் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்தில் என்ன வாங்குகிறார்களோ அதைப் பார்த்துக் கொடுங்கள் என்று அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

பஸ்சில் அந்த அம்மாளிடம், "ராத்திரி தூக்கம் வருமாம்மா?" என்று கேட்டேன். "சில கேசுக்கு அப்புறம் வராது. என் பொண்ணை நாலு நாள் வெளியே விளையாட விட மாட்டேன். அப்புறம் சரியாயிடும்" என்றார். அவர் மனசில் ஏறுகிற பாரத்தை இறக்கிவைக்க யார் இருக்கிறார்கள்? அதைப் பற்றி எந்த ஃபைலிலும் ஒரு வரி இருக்காது.

இதில் எங்கள் தொழிலும் யோக்கியமில்லை. பேர் போடக்கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. பேர் போடுவதில்லைதான். ஆனால் மலைக் கிராமத்தின் பேரைப் போட்டு, அப்பா என்ன வேலை என்று போட்டு, எத்தனாவது வகுப்பு என்றும் போட்டால்? முப்பது வீடு உள்ள ஊரில் அதைவிடப் பெரிய அடையாளம் வேறென்ன வேண்டும்! 'கற்பழிப்பு' என்று வேறு வருஷக்கணக்காகத் தலைப்புப் போட்டோம். குற்றம் செய்தவன் எவனோ, அழிந்தது இவள் கற்பு என்றா? நானே ஆரம்பத்தில் அப்படி ஒரு செய்தியில் ஊர்ப் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார். அப்போது கோபம் வந்தது.

மாவட்ட நிர்வாகத்தைக் கேட்பது இதுதான். ஏற்காட்டிலேயே, சேலத்திலிருந்து வந்துபோகிற ஆளாக இல்லாமல், மலையிலேயே தங்கியிருக்கிற இரண்டு பெண்களை இந்த வேலைக்குப் போடுங்கள். மலைப் பெண்களில் படித்தவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு அந்த வீடுகளில் எடுபடும். பயிற்சி கொடுங்கள், நிரந்தரச் சம்பளம் கொடுங்கள், ராத்திரி கிளம்ப ஒரு ஜீப் கொடுங்கள். கோடை விழாவுக்குப் பந்தல் போடுகிற செலவில் ஒரு மூலை கூட ஆகாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டும் இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தாக எழுதி ஒட்டுங்கள். ஏற்காட்டு பஸ் நிற்கிற பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒட்டினால் நல்லது.